மாட்டுங்காவில் முகத்தைத் திருப்பிக்கொண்ட கார்

பம்பாயில் முதல் நாள் முழுவதும் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோலவே இருந்தது. கொழும்பிலிருந்து கப்பலும் ரயிலுமாக வந்த களைப்பில் கால் தரையில் பாவவில்லை. மாட்டுங்காவில் சித்தி வீட்டு மாடிப்படியில் ஏறும்போதே காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. கீழே கூடையுடன் உட்கார்ந்திருந்த பூக்காரி, யாருடனோ மராத்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் "அக்கா, கதம்பம் வேணுமா?" என்றாள். கடல் தாண்டி வந்தேனா, இல்லை கும்பகோணத்துக்கே திரும்பிவிட்டேனா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

வந்த காரியம் ஒரு நிச்சயதார்த்தம். சித்தியின் ஒரே பெண் கோமதி, கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. விஜயதசமியன்று காலை செம்பூரில் மாப்பிள்ளை வீட்டில் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. என் கணவருக்கு லீவு கிடைக்காததால் நான் மட்டும் நவராத்திரியின் நடுவில் வந்து இறங்கினேன்.

வீட்டுக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் வெளிர் நீலத்தில் ஒரு சின்ன ஜெர்மன் கார் நின்றது. ஏதோ தொழிற்சாலை வேலைக்கு வந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஹெட் கிளார்க்கான சித்தப்பா சேமிப்பையெல்லாம் துடைத்து அதை வாங்கியிருந்தார். அவருக்காக அல்ல. மாப்பிள்ளை இன்ஜினீயர்; பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். ஒரு கார் இருந்தால் தேவலை என்று, பெண் பார்க்க வருமுன்பே, அவர்கள் வீட்டில் முதலில் ஜாடையாகச் சொன்னார்கள். பிறகு ஜாடையை விட்டுவிட்டு நேராகவே சொன்னார்கள்.

மறுநாள் விடியற்காலை கோமதி என்னை எழுப்பினாள். "வா, உனக்கு ஊர் சுத்திக் காட்டறேன்" என்றாள். கொழும்பில் என் கணவருக்குப் பார்வை சரியில்லாததால் எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். அந்தத் தைரியத்தில் சாவிக்குக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கார் வந்த புதிதில் சித்தப்பாவே அவளைத் தாதரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாராம். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட செம்பூர் சம்பந்தி, "எங்காத்துப் பொம்மனாட்டிகள் வண்டி ஓட்டற வழக்கமில்லை" என்று சொல்லி அனுப்பினார். அத்தோடு பகலில் ஓட்டுவது நின்றுபோனது. விடியற்காலைக்குத்தான் சம்பந்தியின் கண் எட்டவில்லை.

பனிபோல் புகை படர்ந்த வேளை. பால்காரர்களின் சைக்கிள்கள் மட்டும் மணியடித்துக்கொண்டு போயின. கிங்ஸ் சர்க்கிளில் நடுவே வட்டமாகத் தோட்டம். அதைச் சுற்றி நாலாபக்கமும் தெருக்கள் பிரிகின்றன. கோமதி எந்தத் தெருவிலும் நுழையாமல் வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். கொழும்பில் காலிமுகத்திடலில் விடியற்காலை ஓட்டும்போது ஒரு பக்கம் கடல் கூடவே வரும். இங்கே கூட வந்தது வேலிக்குள்ளிருந்த செம்பருத்திச் செடிகள். இருந்தாலும் அதே மிதப்புதான்.

திரும்பி வந்து மரத்தடியில் நிறுத்தி, சாவியை உருவி, ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினாள். 'டக்'கென்று உள்ளே எதுவோ பூட்டிக்கொண்டது. சக்கரங்கள் சாக்கடைப் பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டன.

"சாவி இல்லேன்னா இது முகத்தைத் திருப்பிண்டு நின்னுடும். தள்ளினாலும் வராது. ரோஷக்கார வண்டி" என்றாள்.

"இன்னொரு சாவி இருக்கோன்னோ?"

"ஜெர்மன்காரர் ஞாபகமறதியா எடுத்துண்டு போயிட்டார். இது ஒண்ணுதான்." சாவியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் சின்னதாக ஒரு சிவப்புத் தோல்பட்டை கோத்திருந்தது. "அக்கா, அவா என்னைப் பார்க்க வந்த அன்னிக்கு, பாடச் சொல்லலை, பேசச் சொல்லலை. எல்லாரும் பால்கனிக்குப் போய்க் காரைத்தான் எட்டிப் பார்த்தா. இந்தச் சாவியோட என்னையும் சேர்த்துக் குடுக்கறா. எனக்கு இஷ்டமில்லை."

"சித்தப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். 'எல்லாம் சரியாப் போயிடும்'னார். எனக்கு இருபத்தாறு ஆச்சுங்கறது அவருக்கு ராத்திரி தூக்கத்துலகூட ஞாபகம் வரதாம்."

நானோ விருந்தாளியாக வந்தவள். கிருஷ்ணன் கோயில் பக்கமிருந்து நாதசுரம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினோம்.

நவமியன்று சரஸ்வதி பூஜை. கொலுப்படிக்குக் கீழே பலகை போட்டு, சித்தப்பாவின் ராமாயணம், சித்தியின் பாட்டு நோட்டுகள், கோமதியின் சுருக்கெழுத்துப் புத்தகம், பழைய வீணை எல்லாவற்றையும் அடுக்கினோம். மேலே பட்டு சாத்தி, சந்தனம் தெளித்து, பூ வைத்தாள் சித்தி. சாவியையும் வைக்கலாமே என்றேன் நான்.

"வேண்டாம்" என்றார் சித்தப்பா. "காருக்கு ஆயுத பூஜை அவாத்துலதான் நடக்கணும்னு சம்பந்தி சொல்லிட்டார். சாயங்காலத்துக்குள்ள செம்பூர்ல கொண்டுபோய் நிறுத்தணும். நீதான் ஓட்டிண்டு போகணும், அம்மா" என்றார் என்னிடம்.

வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணயர்ந்தோம். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் புனர்பூஜை ஆகும் வரை தொடக் கூடாது என்பதால், அந்த வீட்டில் அன்று மத்தியானம் படிப்பதற்குப் பஞ்சாங்கம்கூட இல்லை. பம்பாயே ஓய்ந்துவிட்டதுபோல இருந்தது. அப்படியொரு தூக்கம் நான் கொழும்பில் தூங்கியதில்லை.

எழுந்து பார்த்தால், வழக்கமாக மாட்டுகிற ஆணியில் சாவி இல்லை.

சித்தி அரிசி டின்னைக் கவிழ்த்தாள். சித்தப்பா கோட்டுப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார். நான் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குனிந்து தேடினேன். கோமதியும் தேடினாள், மெத்தையைக்கூடப் புரட்டினாள். "அரைக்காசு அம்மா, உனக்கு வெல்லம் வைக்கிறேண்டியம்மா" என்று சித்தி வேண்டிக்கொண்டாள். தொலைந்த பொருளை மீட்டுத் தருகிற அந்த அம்மனுக்கு ஜெர்மன் சாவியெல்லாம் தெரியுமோ என்று எனக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்தது.

மாடிவீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். அது வட்டமடித்துக்கொண்டு போய்ச் சாக்கடைக் கல்லில் முட்டி நின்றது. அவ்வளவுதான்.

கடைசியில் சித்தப்பாவும் நானும் டாக்சி பிடித்துத் தாராவிக்குப் போனோம். காதர் பாய் என்று ஒரு மெக்கானிக்; திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காரை வாங்கும்போது சித்தப்பாவுக்கு அதைப் பார்த்துச் சொன்னவர் அவர்தான். தோல் பதனிடும் நெடி மூக்கைத் துளைக்க, குறுகலான சந்துகளில் நடந்து போனால், பட்டறைக்குப் பட்டறை மாவிலைத் தோரணம். காதர் பாயின் பட்டறையில் இடுக்கிப் பிடிக்குக்கூடச் சந்தனப் பொட்டு. ஸ்பானர்களெல்லாம் வரிசையாக வாழையிலைமேல் கிடந்தன. தலையில் தொப்பியோடு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சாமி, உக்காருங்க. என்ன, வண்டி மக்கர் பண்ணுதா?"

சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். காதர் பாய் இலையைக் காட்டினார்.

"பயலுவ எல்லாச் சாமானுக்கும் பொட்டு வச்சு அடுக்கிட்டானுவ. நாளைக் காலைல அவனுவ சூடங் காட்டின பெறவுதான் நானே தொடுவேன். இந்தச் சட்டைப்பைல ஒரு ஸ்குரூ டிரைவர் கெடக்கு, அது பூசைக்குப் போகல. வாங்க, அத வச்சுப் பாக்கேன்."

"நீங்க முதலாளி, உங்களுக்கு என்ன தடை?" என்று கேட்டேன்.

"முதலாளின்னா? வருசம் பூரா அவனுவ கைதானம்மா அதப் பிடிக்கி? எடுத்தேன்னா அவனுவ மொகம் வாடிப் போவும்லா?" என்று சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார்.

மரத்தடியில் காரின் அடியிலும் உள்ளேயும் புகுந்து எதையோ பிரித்து, இரண்டு கம்பிகளைச் சேர்த்தார். எஞ்சின் உறுமிற்று. சித்தி மாடியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் ஸ்டியரிங் அசையவில்லை. நான் உட்கார்ந்து பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். உயிர் வந்துவிட்டது, தலைதான் திரும்பமாட்டேன் என்கிறது.

"இதுக்குள்ள ஒரு ஆணி எறங்கிப் பிடிச்சிருக்கு. உடைக்கலாம். உடைச்சா அந்தத் தண்டே போயிரும், மாத்துச் சாமான் இங்க கெடைக்காது. அவசரப்படாதீங்க சாமி, நல்லாத் தேடுங்க. எங்க பட்டறைல ஒரு சாமானக் காணலன்னா இன்னிக்குப் பூசைலதான் போய்ப் பாப்போம். பயலுவ கண்டதையும் கொண்டுபோய் வச்சிருவானுவ." சிரித்துக்கொண்டே கம்பிகளைப் பிரித்துவிட்டு, சித்தி கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. மாடிக்குப் போய்க் கொலுமுன் நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் பொம்மைகளெல்லாம் எதையோ தெரிந்துகொண்டு பேசாமலிருப்பதுபோல் பார்த்தன. பட்டுத்துணியின் ஓரத்தில், சுருக்கெழுத்துப் புத்தகத்துக்கடியில், சிவப்புத் தோல்பட்டையின் நுனி தெரிந்தது.

பக்கத்தில் கோமதி உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை, முகம் மட்டும் வெளுத்துவிட்டது. வீட்டையே கவிழ்த்துத் தேடினாலும் நாளைக் காலை வரை ஒருவரும் கைவைக்காத இடம் அது ஒன்றுதான். நவமி மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது அதை யோசித்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பாவமாகவும் பெருமையாகவும் இருந்தது. பட்டின் ஓரத்தை இழுத்துவிடக்கூட எனக்குப் பயம், தொடக் கூடாதே! ஒரு முழம் பூவை எடுத்து அந்த நுனிமேல் மெதுவாகப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஐந்து மணிக்குமேல் செம்பூர் சம்பந்தி டாக்சியில் வந்து இறங்கினார். கூடவே மாப்பிள்ளை. காரைக் காணாமல் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சம்பந்தி மாடி ஏறி வந்தார். மாப்பிள்ளை வரவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தேன்: நேரே காருக்குப் போய், கதவைத் திறந்து, டிரைவர் இடத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நல்ல முகம். அந்த முகம் ஒரு தடவையாவது மேலே நிமிரும் என்று காத்திருந்தேன். என் பக்கத்தில் வந்து நின்ற சித்தப்பாவும் காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். மாப்பிள்ளை டாஷ்போர்டைத் துடைத்தார், கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார், ஹாரனை அடித்தார்.

"ஒரு சாவியைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா உங்காத்துல?" என்றார் சம்பந்தி உள்ளேயிருந்து. "அங்கே குருக்களுக்கு வேற சொல்லி வச்சிருக்கேன். பூசணிக்கா வாங்கி வச்சாச்சு. நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தேடிண்டேதான் இருக்கோம்" என்றாள் சித்தி. "காப்பி சாப்பிடுங்கோ. கோமதி, காப்பி கொண்டா."

கோமதி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை. "பூட்டை உடைச்சாவது நாளைக்குக் காலைல வண்டி வரணும். வந்தா தட்டு மாத்திக்கலாம். வரலேன்னா யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

டாக்சி போயிற்று. தாதர் பக்கமிருந்து தூரத்தில் கொட்டுச் சத்தம். சித்தப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொலுமுன் விழுந்து நமஸ்காரம் செய்தார். எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. எழுந்தவர் கைகூப்பியபடி அப்படியே நின்றார்.

சித்தி மறுபடி அரிசி டின்னைத் தூக்கினாள்.

"போதும்டி. தேடினது போதும்" என்றார் சித்தப்பா. குரல் களைத்திருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. கோமதி கதவோரம் நின்றிருந்தாள். நான் சித்தி கையிலிருந்து டின்னை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

விஜயதசமி காலை தெருவே செண்டு மல்லிச் சரமாக விடிந்தது. டாக்சிகளுக்கெல்லாம் மாலை. சித்தி விடியலிலேயே நிச்சயத்துக்கான பழத்தட்டுகளைத் தயார்செய்துவிட்டாள். நம்பிக்கையை விடாத மனுஷி. புனர்பூஜை ஆயிற்று. கற்பூரம் காட்டி, எல்லோரும் பட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அன்று அவரவர் பொருளை எடுத்துக் கொஞ்சமாவது கையாள வேண்டும். அந்த வருஷ வித்தைக்கு அதுதான் தொடக்கம். சித்தப்பா ராமாயணத்தில் நாலு வரி படித்தார். சித்தி வீணையில் ஒரு தந்தியை மீட்டினாள்.

கோமதி தன் புத்தகத்தை எடுத்தாள். மறைக்கவில்லை. அடியிலிருந்த சாவியையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"அரைக்காசு அம்மா!" என்று சித்தி கூவினாள். "பார்த்தேளா, கொண்டுவந்து குடுத்துட்டா! நேரமாறது, கிளம்புங்கோ செம்பூருக்கு!"

சித்தப்பா மகளைப் பார்த்தார். கோமதி அவரைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இன்னிக்கு விஜயதசமி" என்றார் அவர் மெதுவாக. "எடுத்தவதான் உபயோகிக்கணும். வண்டியை நீயே ஓட்டு."

பகல் வெளிச்சத்தில், தெரு முழுக்கப் பார்க்க, கோமதி டிரைவர் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். பின்னால் சித்தப்பா, சித்தி, சித்தி மடியில் பழத்தட்டு. சாவி நுழைந்ததும் ஸ்டியரிங்கின் பூட்டு சாதுவாக விட்டுக்கொடுத்தது. கார் சாக்கடைக் கல்லிலிருந்து விலகி, ஒரு முனகல்கூட இல்லாமல் கிளம்பியது.

கிங்ஸ் சர்க்கிள் வந்தது. செம்பூருக்கு வடக்கே சயான் பக்கம் திரும்ப வேண்டும். கோமதி திரும்பவில்லை, வட்டத்தைச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள். தோட்டத்துச் செம்பருத்தி, இரானி ஹோட்டல், பூக்கடை, பேப்பர் படிக்கும் பெஞ்சுக் கிழவர்கள், மறுபடி செம்பருத்தி. கனவில் ஒரே தெருவில் திரும்பத் திரும்ப நடப்போமே, அப்படி இருந்தது. அவள் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் கை ஆடவில்லை. செம்பூர்த் தெரு வந்தது, போயிற்று. மீண்டும் வந்தது.

"என்னடி இது, தலை சுத்தறது. முகூர்த்தம் தாண்டிடுமே" என்றாள் சித்தி.

"தாதர் பக்கம் திருப்பு, கோமு" என்றார் சித்தப்பா. "சமுத்திரத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

அவள் ஸ்டியரிங்கை வளைத்தாள். கார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெற்கே போயிற்று. சித்திக்கு விளங்க இரண்டு தெரு ஆயிற்று. விளங்கியதும் கொஞ்ச தூரம் அழுதாள். பிறகு தட்டிலிருந்த பூவைக் கிள்ளிக் கோமதியின் தலையில் செருகினாள்.

தாதர் கடற்கரையில் அந்த வேளையில் கூட்டமில்லை. எங்கள் கொழும்புக் கடல்போல நீலமில்லை அது. காப்பியில் பால் தாராளமாக விட்டதுபோல ஒரு நிறம். மணலில் உட்கார்ந்து நிச்சயத் தட்டிலிருந்த பழங்களைத் தின்றோம். செம்பூருக்கு டெலிபோன் செய்து தானே சொல்லிவிடுவதாகச் சித்தப்பா சொன்னார். அந்த வண்டியை என்ன செய்வது என்று சித்தி கேட்டதற்கு, "ஆபீசுக்குப் போறவ வீட்டுல இருக்காளே" என்றார்.

கோமதி சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்:

"சாவி அங்கே எப்படி வந்ததுன்னு நீங்க கேக்கவே இல்லையேப்பா?"

சித்தப்பா வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் நமஸ்காரம் பண்ணறச்சயே பார்த்தேனே. யாரோ மேலே பூவைப் போட்டிருந்தா. தரையோட தலை வச்சாத் தெரியறது."

"அப்போ ஏன் எடுத்துக் குடுக்கலை? அவர் அவ்வளவு பேசிட்டுப் போனாரே."

"பூஜையில வச்சதை நான் எப்படிடி தொடறது?" என்று சொல்லிவிட்டு, பாதிப் பழத்தை ஒடித்து அவள் கையில் கொடுத்தார்.